பெரியப்பா அனுப்பிய செய்தி உண்மையா? பார்க்கும் வழியும் சொல்லும் முறையும்

குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஒரு செய்தி வந்து விழுகிறது. ஒரு நடிகர் இறந்துவிட்டார். ஒரு தலைவர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். இன்றிரவு பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை செல்பேசியை அணைத்து வைக்காவிட்டால் விண்வெளிக் கதிர்கள் உடலைத் தாக்கும். அனுப்பியவர் முகம் தெரியாத யாரோ அல்லர், பெரியப்பா. அவர் பொய் சொல்கிறவர் அல்லர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செய்தியின் மீது நமக்கு எழ வேண்டிய சந்தேகத்தை, அதைக் கொண்டுவந்தவர் மீதுள்ள மதிப்பு விழுங்கிவிடுவது இப்படித்தான்.

இதில் நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. செய்தியைச் சரிபார்ப்பது ஒன்று; அது பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கண்டறிந்ததைப் பெரியப்பாவிடம் சொல்வது மற்றொன்று. அதற்கு ஐந்து நிமிடம் போதாது. கருவிகளைப் பற்றி விளக்குகிறவர்கள் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் மனக்கசப்பு தொடங்குவதோ இரண்டாவதில்தான் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கையை நிறுத்துங்கள்

செய்தியைப் படித்தவுடன் மனத்தில் என்ன எழுந்தது என்று கவனியுங்கள். கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குபீரென்று எழுந்திருந்தால், அந்தச் செய்தியைச் சரிபார்க்கத் தேவை இருக்கிறது என்று பொருள். 2018ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் வெளியிட்ட ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்துக்கொண்டு, பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்ச் செய்திகளுக்கு வந்த மறுமொழிகளில் வியப்பும் அருவருப்பும் மிகுந்திருந்தன என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் பெருமிதத்தையும் நான் சேர்ப்பேன். நம் மொழியை, நம் நாட்டை, நமக்குப் பிடித்த நடிகரை ஏதோ ஓர் உலக அமைப்பு முதலிடத்தில் வைத்துவிட்டதாக வரும் செய்தியை யாரும் சரிபார்ப்பதில்லை. திட்டு வந்தால் சான்று கேட்கும் நாம், பாராட்டு வந்தால் கேட்பதில்லை.

வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்திருந்தால் அதன் தலைப்பகுதியையும் பாருங்கள். ஒற்றை அம்புக்குறி இருந்தால் அனுப்பியவர் அதை எழுதவில்லை, பிறரிடமிருந்து வாங்கி அனுப்பியிருக்கிறார். இரட்டை அம்புக்குறி இருந்தால், எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கைகள் மாறி உங்களிடம் வந்திருக்கிறது. இத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. ஆனால் அம்புக்குறி இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ, படத்தைச் சேமித்து மீண்டும் ஏற்றினாலோ குறி போய்விடும். 2016 முதல் செய்திகள், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டே செல்வதால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை நிறுவனமும் படிப்பதில்லை. ஆகவே அங்கே யாரோ பார்த்துத்தான் விட்டிருப்பார்கள் என்று நினைப்பதற்கு இடமில்லை. (செய்திக்கு மூன்று நீலக் குறிகள் விழுந்தால் அரசாங்கம் அதைப் படித்துவிட்டது என்று சுற்றிவரும் எச்சரிக்கையும் பொய்தான். மூன்றாவது குறி என்று ஒன்று கிடையாது.)

எதைச் சரிபார்க்கிறோம் என்பதைப் பிரித்தெடுங்கள்

நீண்ட செய்தியை அப்படியே சரிபார்க்க முடியாது. அதற்குள் இருக்கும் கூற்றை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: யார், என்ன செய்தார், எங்கே, எப்போது. இந்த நான்கில் எது விடுபட்டிருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். 'எப்போது' என்பதே அதிகமாக விடுபடுவது.

செவ்வாய்க் கோள் நிலவைப் போலப் பெரிதாகத் தெரியப்போகிறது என்ற செய்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கி வந்ததில்லை என்பது உண்மை. அப்போது பரவிய மின்னஞ்சல் ஒன்றில், 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணால் பார்க்கும் முழுநிலவின் அளவு தெரியும் என்று எழுதியிருந்தது. போகப் போகத் தொலைநோக்கி கழன்றுவிட்டது, ஆண்டும் கழன்றுவிட்டது, 'ஆகஸ்ட் 27' மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஆகஸ்ட் வந்தால் செவ்வாயும் வந்துகொண்டிருந்தது. இதில் யாரும் உட்கார்ந்து பொய்யைப் புனையவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையிலிருந்து இரண்டு விவரங்களை எடுத்துவிட்டாலே போதும். உங்கள் கையில் இருக்கும் செய்தியில் 'நேற்று', 'இன்றிரவு', 'சற்று முன்' என்ற சொற்கள் இருந்து தேதி இல்லாவிட்டால், அந்தச் சொற்களை அடித்துவிட்டுத் தேதியைத் தேடுங்கள்.

படத்தோடு வரும் செய்தியில் கூற்று இரண்டாகப் பிரியும்: படம் உண்மையா என்பது ஒன்று, படத்தின் மேல் எழுதியிருப்பது உண்மையா என்பது மற்றொன்று. வேறொரு நாட்டில், வேறோர் ஆண்டில் எடுத்த மெய்யான படத்துக்குப் பொய்யான வரி எழுதுவது எளிது என்பதால், இரண்டாவது கேள்வியே அதிகம் உதவும்.

செய்தியை விட்டு வெளியே செல்லுங்கள்

சரிபார்க்கிறவர்கள் செய்கிற பொதுவான தவறு, செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது. எழுத்துப்பிழை இருக்கிறதா, நடை எப்படி இருக்கிறது, தளம் அழகாக இருக்கிறதா என்று ஆராய்வார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய ஆய்வாளர்கள் இருவர், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறையாகச் செய்தி சரிபார்ப்பவர்கள் என மூன்று தரப்பினரை இணையத் தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துப் பல முறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய சாளரங்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். படித்தவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமான முடிவுதான்; கவனமாகப் படிக்கும் பழக்கமே அவர்களைக் காலை வாரிவிட்டது.

நீங்களும் அதையே செய்யலாம். கூற்றின் மையச் சொற்களை மட்டும் தேடுபொறியில் இடுங்கள். செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். ஓர் ஊரில் நடந்ததாகச் சொன்னால் அந்த ஊரின் பெயரோடும், அங்கே பேசும் மொழியிலும் தேடுங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு செய்தி நிறுவனங்களாவது அதைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பத்துத் தளங்கள் ஒரே வாக்கியத்தை எழுத்து மாறாமல் வைத்திருந்தால் அது ஒரு சான்றுதான், பத்துச் சான்றுகள் அல்ல. கடைசியாக, அதே கூற்றோடு 'உண்மையா' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால், வேறு யாரேனும் ஏற்கெனவே சரிபார்த்திருக்கிறார்களா என்பது தெரியும். 1994இலிருந்து இயங்கும் ஸ்னோப்ஸ் தொடங்கி இன்று உலகெங்கும் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அவர்கள் காட்டும் மூலத்தைத் திறந்து பாருங்கள்.

நடிகர் இறந்த செய்திகள் இந்த முறைக்கு மிக விரைவில் உடைந்துவிடும். ஜாக்கி சான் 2011இல் மாரடைப்பால் இறந்ததாக ஒரு முறையும், 2013இல் சண்டைக்காட்சிப் படப்பிடிப்பில் விழுந்து இறந்ததாக மறுமுறையும் உலகமே பகிர்ந்தது. உண்மையில் ஒரு பெரிய நடிகர் இறந்தால் சிறிது நேரத்துக்குள் பெரும்பாலான செய்தி நிறுவனங்கள் அதை முதல் செய்தியாக வைத்துவிடும். குழுவில் மட்டும் இறந்து, வேறெங்கும் உயிரோடு இருக்கிறவருக்கு அரை மணி நேரம் கழித்து இரங்கல் எழுதுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

தலைவர்களின் மேற்கோள் அட்டைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. தொலைக்காட்சி நிறுவனத்தின் முத்திரையும் நிறமும் எழுத்துருவும் அப்படியே இருக்கும். அவற்றை நகலெடுக்கச் செல்பேசியே போதும். ஆகவே முத்திரையைப் பார்க்காமல், அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குச் சென்று, அட்டையில் போட்டிருக்கும் தேதியில் அப்படி ஒன்று வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியாகியிருந்தாலும் அதோடு நிறுத்த வேண்டாம். பேச்சின் முழுக் காணொளியைத் தேடி, அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். 'எதிரணியினர் இப்படிச் சொல்கிறார்கள்' என்று தொடங்கிய வாக்கியத்தின் முன்பாதியை வெட்டிவிட்டால், எதிரணியின் கருத்து அவருடைய கருத்தாகிவிடும். அவருக்கு நீங்கள் ஓட்டுப் போடாதவராக இருந்தால் இந்த இரண்டு நிமிடம் கூடுதலாகவே கசக்கும். அப்போதும் கேளுங்கள்.

படமும் காணொளியும்

படத்தைச் சேமித்து, அதன் மேல் எழுதப்பட்ட எழுத்துகளையும் முத்திரைகளையும் வெட்டிவிட்டு, மீதியைக் கூகுள் லென்ஸில் இட்டுத் தேடுங்கள். டின்ஐ (TinEye) என்ற தளம் 2008இலிருந்து இதற்காகவே இருக்கிறது. முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்திக் காட்டும் வசதி அதில் உண்டு. படம் எப்போது முதலில் அதன் கண்ணில் பட்டது என்பதை அறிய அது உதவும். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் ஐந்து ஆண்டுக்கு முன்பே இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுமுறை தேடுங்கள். கண்டுபிடிக்காமலிருக்க அப்படித் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. எழுத்துப் பலகைகள் கண்ணாடியில் தெரிவது போல இருந்தால் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதில் ஐயமே வேண்டாம். படக் கோப்புக்குள் எடுத்த நாளும் இடமும் பதிந்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்த விவரங்கள் நீக்கப்பட்டுவிடும் என்பதால், அந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே.

வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்கக் கடலில் சிறு துடுப்புப் படகில் செல்பவரைப் பெரிய வெள்ளைச் சுறா ஒன்று பின்தொடரும் புகைப்படம் 2005இல் ஓர் இதழில் வெளியானது. அந்தச் சுறாவை மட்டும் வெட்டியெடுத்து, 2011இல் புயல் வெள்ளம் புகுந்த ஒரு சாலையில் ஒட்டினார்கள். அதன் பிறகு எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் அதே சுறா அந்த ஊருக்கு வந்துவிடும். தேடினால் ஒரு நிமிடத்தில் அதன் பிறப்பிடம் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் பின்புறத்தில் சுறா போன்ற பெரிய மீன் நீந்துவதாகக் காணொளி வந்தது. அனுபவசாலிகள் எல்லோரும் சிரித்தார்கள். செய்தியாளர்கள் எடுத்தவரைத் தேடிப் பிடித்து, மூலக் கோப்பைப் பார்த்துச் சரிபார்த்தபோது அது உண்மையாக இருந்தது. பொய்யைப் பல முறை பிடித்தவருக்கு வரும் நோய், பார்க்காமலேயே 'பொய்' என்று சொல்லிவிடுவது. பெரியப்பா நம்பிக்கையால் செய்கிற தவற்றை நாம் சந்தேகத்தால் செய்கிறோம், அவ்வளவுதான்.

காணொளியாக இருந்தால் தெளிவான மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவற்றைப் படத்தைப் போலவே தேடுங்கள். கணினியில் பார்ப்பவர்களுக்கு இன்விட்-வீவெரிஃபை (InVID-WeVerify) என்ற உலாவி நீட்சி இந்த வேலையைத் தானே செய்து கொடுக்கும். வேகத்தையும் கவனியுங்கள். 2019 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் நான்சி பெலோசி போதையில் உளறுவதாகப் பரவிய காணொளியில், வேகத்தை ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறைத்திருந்தார்கள். வேறு எந்த மாயமும் இல்லை. மூலக் காணொளியைப் பக்கத்தில் ஓடவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களுக்கு, விரல்களை எண்ணிப் பாருங்கள் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஐந்து விரல்கள் சரியாகவே வருகின்றன. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளை நிறக் குளிர்ச்சட்டை அணிந்து நடப்பதாக வந்த படத்தை உலகின் பாதிப் பேர் நம்பினார்கள். அது மிட்ஜர்னி என்ற செயலியில் செய்தது. படத்தின் உள்ளே குறை தேடுவதைவிடப் படத்துக்கு வெளியே துணை தேடுவதே இங்கும் பயன் தரும். 2023 மே மாதம் அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்ததாகப் பரவிய படத்தால் பங்குச்சந்தை சில நிமிடங்கள் ஆட்டம் கண்டது. அவ்வளவு பெரிய நகரத்தில், பட்டப்பகலில், ஒரே ஒரு கோணத்திலிருந்து ஒரே ஒரு படம்தான் வந்தது. அப்படி ஓர் இடத்தில் உண்மையாகவே புகை எழுந்திருந்தால் நூறு செல்பேசிகள் நீண்டிருக்கும். 'இதை வேறு யார் எடுத்திருக்கிறார்கள்?' என்ற கேள்வி எந்த மென்பொருளையும்விட நம்பகமானது.

குரல்

ஒலிப்பதிவுகளைத் தேடிக் கண்டுபிடிக்க எளிய வழி இல்லை. அதனால்தான் அவை அதிகம் பரவுகின்றன. பெயர் சொல்லாத மருத்துவரோ காவல் அதிகாரியோ பேசுவதாக வரும் பதிவில், பேசுபவர் யார், எங்கே பணிபுரிகிறார், எந்த நாளில் பேசுகிறார் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் அதைச் செய்தியாகவே எண்ண வேண்டாம். தெரிந்த குரலாக இருந்தாலும் இன்று அது போதிய சான்று அல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேட்பாளர் தேர்வு வாக்கெடுப்புக்கு முன், வாக்களிக்க வர வேண்டாம் என்று அதிபர் பைடனின் போலிக் குரலில் வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் சென்றன. அடுத்த மாதமே, செயற்கைக் குரலில் தானியங்கி அழைப்புகள் செய்வது சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அறிவித்தது.

வீட்டுக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. பேரன் குரலில் அழைத்து, விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் அனுப்புங்கள் என்று கேட்கும் மோசடிக்கு அதே நுட்பம் போதும். வீட்டாருக்குள் ஒரு சொல்லை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று யார் அழைத்தாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். எழுத்தில் எங்கும் அனுப்பாமல் நேரில் சொல்லி வைப்பது நல்லது. சொல் மறந்துவிட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

பெரியப்பாவிடம் சொல்வது

இனி கடினமான பாதி. ஒரு முறை, குழுவில் வந்த ஒரு செய்தியை இரண்டே நிமிடத்தில் சரிபார்த்து, மூன்று இணைப்புகளோடு எல்லோர் முன்னிலையிலும் மறுத்து எழுதினேன். பெரியப்பா பதில் எழுதவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் காலை வணக்கப் படங்கள் மட்டுமே அனுப்பினார். நான் சொன்னது சரிதான். ஆனால் வீட்டில் யாரும் அந்தச் செய்தியைப் பற்றிப் பேசவில்லை, என் வாய்த்துடுக்கைப் பற்றியே பேசினார்கள். அந்தச் செய்தி பொய் என்பது ஒருவர் மனத்திலும் பதியவில்லை.

முதலில், எல்லாவற்றையும் திருத்தப் புறப்பட வேண்டாம். உடல்நலம், பணம், ஒரு பிரிவினர் மீது வன்மம், தேர்தல் நாள் பற்றிய தவறான தகவல் ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அன்றே சொல்லுங்கள். செவ்வாய் பெரிதாகத் தெரியும் என்பதற்காக யாரும் கெட்டுப்போகப் போவதில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவர்களே இறங்கி வருவார்கள். எல்லாச் செய்திக்கும் மறுப்பு எழுதுகிறவரின் முக்கியமான மறுப்பை யாரும் படிக்க மாட்டார்கள்.

சொல்வது என்று முடிவு செய்தால் குழுவில் எழுதாமல் தனியாகத் தொலைபேசியில் அழையுங்கள். கேள்வியோடு தொடங்குங்கள்: "பெரியப்பா, காலையில் நீங்கள் அனுப்பிய வெள்ளப் படம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கும் கவலையாக இருந்ததால் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்." இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. செய்தியை எழுதியவர் அவர் இல்லை என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. குற்றம் அவருக்கு அனுப்பியவரிடமோ, அதற்கும் முன்னால் அனுப்பியவரிடமோ போய்விடுகிறது. பிறகு உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை ஒரே ஒரு முறை குறிப்பிடுங்கள், எப்படித் தவறாயிற்று என்பதை விளக்குங்கள், மீண்டும் உண்மையோடு முடியுங்கள். பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி மறுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கூற்றைப் பல முறை கேட்டால் அது உண்மை போலத் தோன்றத் தொடங்குகிறது என்பது 1977இலேயே சோதித்து அறியப்பட்டது.

"திருத்தினால் இன்னும் பிடிவாதமாக நம்புவார்கள், எதற்கு வம்பு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து அந்தக் கருத்து பரவியது. பின்னர் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்த மற்றோர் ஆய்வு, அத்தகைய எதிர்விளைவு அநேகமாகத் தென்படவில்லை என்றே கண்டது. சான்றைக் காட்டினால் பெரும்பாலோர் கொஞ்சமாவது உண்மையை நோக்கி நகர்கிறார்கள். அந்த நகர்வு நம் கண்ணெதிரே, நம் பெயரைச் சொல்லி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல்.

அரசியல் செய்தியாக இருந்தால் கட்சியை விட்டுவிட்டுக் கூற்றை மட்டும் பேசுங்கள். அவருடைய தலைவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சு வேறு நாளுக்கு உரியது. 'இந்த மேற்கோள் அவர் சொன்னதில்லை' என்று நிறுத்திக்கொண்டால் அவர் தலையசைக்க வழி இருக்கிறது. 'உங்கள் ஆட்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று சேர்த்துவிட்டால் அந்த வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். உங்கள் தரப்புக்குச் சாதகமான பொய் ஒன்று குழுவில் வரும்போது அதையும் நீங்களே மறுத்து எழுதுங்கள். அடுத்த முறை பெரியப்பா உங்கள் பேச்சைக் கேட்பதற்கு அதைவிட நல்ல முன்பணம் கிடையாது.

திருத்தத்தை அவரையே போடச் சொல்லுங்கள். "காலையில் அனுப்பியது பழைய படமாம், நம்ப வேண்டாம்" என்று அவர் ஒரு வரி எழுதினால், பெரியவராக அவர் நடந்துகொண்டதாக இருக்கும். நீங்கள் எழுதினால் சின்னவர் பெரியவரை மடக்கியதாக இருக்கும். வயதானவர்கள்தாம் இதையெல்லாம் பரப்புகிறார்கள் என்று இளையவர்கள் சொல்வதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் 65 வயதைக் கடந்தவர்கள் பொய்ச் செய்தித் தளங்களின் கட்டுரைகளை, மிக இளைய வயதுப் பிரிவினரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்தார்கள் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே ஆய்வில், அப்படி ஒரு கட்டுரையையாவது பகிர்ந்தவர்கள் மொத்தத்தில் 8.5 விழுக்காட்டினர்தாம். பெரியவர்களில் பெரும்பாலோர் ஒன்றையும் பகிரவில்லை.

தேடியும் முடிவு தெரியாத செய்திகள் இருக்கும். அப்போது "தேடிப் பார்த்தேன், உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை மேலே அனுப்பாமல் வைத்திருப்போம்" என்று சொல்லிவிடலாம். 'பொய்யாகத்தான் இருக்கும்' என்று அடித்துச் சொல்லி, மறுநாள் அது உண்மையாகிவிட்டால், அந்தச் சுறாவைப் பார்த்துச் சிரித்தவர்களின் நிலைதான் நமக்கும்.

நீங்களே தவறாக ஒன்றை அனுப்பிவிட்டீர்கள் என்று தெரிந்தால், வாட்ஸ்ஆப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை அதை எல்லோருக்குமாக நீக்கலாம். நீக்குவதோடு விட்டுவிட வேண்டாம். அதற்குள் யாரேனும் எடுத்து வேறு குழுவில் போட்டிருந்தால் அந்த நகல் அங்கேயே இருக்கும். நீக்கிய இடத்தில் எது தவறு, எது சரி, எங்கே பார்த்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி, தவறான செய்தியை வேறிடத்துக்கு அனுப்பியவர்கள் இருந்தால் அங்கேயும் சொல்லிவிடும்படி கேளுங்கள்.